காரணம் கேட்காமல் எதையும் இறக்காத ஏற்றுமதி சார்

தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு பிடி அரிசிகூடக் கப்பலேற்றாமல், காலையிலிருந்து மாலைவரை ஏற்றுமதியே தொழிலாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ‘ஏற்றுமதி’ சார்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. ரேஷன் கார்டில் அது இருந்ததாகக் கேள்வி. அலுவலகத்தில் அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கேட்டால், “அப்படி யாரும் இங்க இல்லீங்களே” என்று மனதாரப் பதில் சொல்லி அனுப்பிவிடுவோம். ஒருமுறை அவரே வாசலில் நின்ற கூரியர்காரரிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் பாதி மாடிப்படி ஏறியபின் திரும்பி ஓடினார்.

எங்கள் அலுவலகம் புதிய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரி, அரிசி ஆலை, நகைக்கடை என்று டெல்டா முழுக்கச் சிதறிக் கிடக்கும் சர்வர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே கவனித்துக்கொள்வது எங்கள் வேலை. சர்வர் என்றால் இட்லி கொண்டுவருபவர் இல்லை. ஒரு நிறுவனத்தின் கணக்கு வழக்கையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு ஓயாமல் ஓடும் கம்ப்யூட்டர். அத்தனை சர்வர்களையும் ஒரே திரையில் காட்டும் மென்பொருளை ‘கன்சோல்’ என்போம். எந்த சர்வர் எந்த ஊரில் இருக்கிறது, எவ்வளவு சூடானால் அது கத்த வேண்டும், கத்தினால் யாருடைய செல்போனுக்குச் செய்தி போக வேண்டும் என்ற ஏற்பாடுகளெல்லாம் அதற்குள்தான் இருக்கும். அவற்றை மொத்தமாக ஒரு கோப்பில் வெளியே எடுத்தால் அது எக்ஸ்போர்ட். இன்னொரு கன்சோலுக்குள் கொட்டினால் இம்போர்ட்.

சாருக்கு இந்த எக்ஸ்போர்ட் எடுப்பது மூச்சு விடுவது மாதிரி. சாப்பிடப் போகுமுன் எடுப்பார். முடிவெட்டிக்கொள்ளப் போகுமுன் எடுப்பார். தும்மல் வருவது போலிருந்தால்கூட எடுத்துவிட்டுத்தான் தும்முவார் என்று சொல்வார்கள். எடுத்த நகல்களில் ஒன்று அவருடைய மேஜையில், ஒன்று ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில். இன்னொன்று பென் டிரைவாக அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்குவதாக ஒரு வதந்தி. அதைச் சோதித்துப் பார்க்க ஆள் கிடைக்கவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். சமையலறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது, அலமாரியில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று தட்டு தட்டாகப் படம் எடுத்துக்கொண்டு, அடித்து முடித்ததும் எல்லாவற்றையும் இம்மி பிசகாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாராம். அவருடைய மனைவி என்னிடம் சொன்னார்: “காலி டப்பா, ஓட்டை வடிகட்டி எல்லாத்தையும் அதது எடத்துல வச்சுட்டாருப்பா. கரப்பான்பூச்சியையும் வச்சிருப்பாரு. அது ஓடிப்போயிடுச்சு.”

சொந்தக்காரர்களுக்கு மட்டும் கடைசிவரை அவர் தொழில் பிடிபடவில்லை. திருவையாற்றிலிருந்து ஒரு மாமா, துணிப்பையில் மாதிரி அரிசியோடு ஒருநாள் மாடியேறி வந்துவிட்டார்.

“மாப்ள, பொன்னி. இந்த வெள்ளாமையில வந்தது. மலேசியாவுக்கு ஒரு கன்டெய்னர் போட்டு விடுறீங்களா?”

சார் அவரை உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, கன்சோல் என்றால் என்ன என்பதிலிருந்து ஆரம்பித்தார். மாமா மரியாதை தெரிந்தவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். முடிவில் கேட்டார்:

“அப்ப அரிசி அனுப்ப மாட்டீங்க?”

“மாட்டேன் மாமா.”

“பின்ன என்னத்தத்தான் அனுப்புறீங்க?”

“ஏற்பாடுகள.”

மாமா கொஞ்சம் யோசித்தார். “அதுக்குச் சாக்கு வேணாமா?”

இப்படிப்பட்ட மனிதரின் வாழ்க்கையில் உண்மையான ஏற்றுமதி ஒன்று வந்தே தீரும் அல்லவா. வந்தது. பழைய கன்சோல் இருந்த கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க், அம்மியில் கல்லை அரைப்பதுபோல் ஒரு சத்தம் போட ஆரம்பித்தது. எங்கள் மேனேஜர் சுகந்தி மேடம் வேகமானவர், தெளிவானவர். புதிய கம்ப்யூட்டர் வாங்கி, அதில் கன்சோலின் புதிய பதிப்பையும் போட்டுவிட்டு சாரைக் கூப்பிட்டார்.

“சார், பழசுல இருந்து எக்ஸ்போர்ட், புதுசுல இம்போர்ட். காபி வர்றதுக்குள்ள முடிஞ்சுரும்ல?”

“காபி ஆறிப்போயிடும் மேடம்.”

“ஏன்?”

“இது வீடு மாத்துறது இல்லீங்க, குடித்தனம் மாத்துறது. சாமான வண்டில ஏத்தி இறக்கிடலாம். பால்காரர் எந்தப் பக்கமா வருவாரு, எந்தக் கதவ இழுத்துச் சாத்துனாதான் சாத்தும்னு யாரு சொல்றது?”

மேடம் அவருக்குத் தத்துவத்துக்காகச் சம்பளம் கொடுக்கவில்லை. சோதனைக்காக ஒரு இம்போர்ட் செய்து பார்த்துவிடலாம் என்று உத்தரவு போட்டார். சாரே செய்தார். திரையில் எல்லாம் பச்சையாக வந்தது. கைதட்டினோம்.

கைதட்டல் அடங்குவதற்குள் ஃபோன் அடித்தது. கும்பகோணத்துப் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர்.

“தம்பி, ‘ஐசியு சர்வர் சூடேறிவிட்டது’ன்னு செல்லுல வந்திருக்கு. நம்ம மில்லுல ஐசியு எப்ப வந்துச்சு? எனக்குத் தெரியாம எம்பையன் எதும் கட்டிட்டானா?”

அவரைச் சமாதானம் செய்து வைப்பதற்குள் அடுத்த ஃபோன். ஒரத்தநாட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் பெரிய டாக்டர். குரலில் கவலை.

“நெல் அவிக்கும் பிரிவு நின்றுவிட்டதுன்னு மெசேஜ் வருதே. அது எந்த வார்டு?”

நடந்தது இதுதான். பழைய கன்சோல் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் உள்ளுக்குள் ஒரு எண் வைத்திருந்தது. புதியது தன் இஷ்டத்துக்கு வேறு எண்களைக் கொடுத்துக்கொண்டது. ஏற்பாடுகள் பழைய எண்ணை நம்பிப் போய் உட்கார்ந்ததில் ஆள் மாறாட்டம் ஆகிவிட்டது. சார் புதியதை நிறுத்தினார். யாரையும் குத்திக்காட்டவில்லை, செய்தவர் அவர்தான் என்பதால் அதற்கு வழியும் இல்லை. உட்கார்ந்து எண்களை ஒவ்வொன்றாகப் பொருத்தினார். அப்படிப் பொருத்திக்கொண்டு போகும்போதுதான் அவருக்கு அந்தப் பேய் பிடித்தது.

எண்களுக்கு நடுவே விசித்திரமான ஏற்பாடுகள் பல இருந்தன. யாரோ எப்போதோ எதற்கோ போட்டவை. நாங்களாக இருந்தால் அப்படியே அள்ளிக்கொண்டு போயிருப்போம், அல்லது தூக்கி எறிந்திருப்போம். சார் இரண்டுக்கும் சம்மதிக்கவில்லை.

“காரணம் தெரியாம இறக்கவும் மாட்டேன், காரணம் தெரியாமத் தூக்கவும் மாட்டேன்.”

சுகந்தி மேடம் பழைய கம்ப்யூட்டரின் மேல் காதை வைத்துக் கேட்டார். பிறகு சொன்னார்: “வெள்ளிக்கிழமை சாயங்காலம் பழச நிறுத்துறேன் சார். அதுக்கு மேல இது தாங்காது. அதுக்குள்ள எதுக்கெல்லாம் காரணம் கிடைக்குதோ அது வரும். கிடைக்காதது வராது.”

முதல் விசித்திரம் அதிராம்பட்டினத்து ஐஸ் ஃபாக்டரி. தினமும் காலையில் ஒரு மணி நேரம் அந்த சர்வர் செத்தே போனாலும் யாருக்கும் சொல்லக்கூடாது என்று ஏற்பாடு. ஃபோனில் கேட்டால் பிடிகொடுத்துப் பேசவில்லை. சார் என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். போய்ச் சேர்ந்தபோது படகுகள் கரைக்கு வந்திருந்தன. ஃபாக்டரிக்குள் மீன் கூடைகள், தண்ணீர், கூச்சல். எங்கள் சர்வர் பிளக் பிடுங்கப்பட்டு மூலையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அதனுடைய இடத்தில் மீன் எடை போடும் மெஷின்.

முதலாளி கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. “போட்டு கரைக்கு வந்தா எடை போடணும்ல சார். உங்க பொட்டி கொஞ்ச நேரம் படுத்திருக்கட்டுமே.”

“ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி வச்சுக்கலாமே?”

“வாங்குனோம். அதுல ஃபேன் போட்டுட்டோம்.”

சாருக்கு முகம் மலர்ந்துவிட்டது. திரும்பும் வழியெல்லாம், “பாத்தியா தம்பி, காரணம் இருக்கு பாத்தியா” என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுவாமிமலையில் வெண்கலச் சிலை விற்கும் கடை ஒன்றின் சர்வருக்கு மட்டும் சூட்டின் அளவு ஏன் தாறுமாறாக ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்க்கப் போனோம். சுவருக்கு அந்தப் பக்கம்தான் உலோகம் காய்ச்சும் உலை. சார் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தார், கையை உதறினார், திருப்தியாகத் தலையாட்டினார்.

இந்த வேகத்தில் போய்க்கொண்டிருந்தவரை ஒரு நகைக்கடை சர்வர்தான் மடக்கியது. செவ்வாய்க்கிழமை மதியம் தோறும் அது தானாக அணைந்து மறுபடி எழ வேண்டும் என்று ஓர் ஏற்பாடு. கடைக்காரருக்குத் தெரியாது. அங்கே கணக்கு எழுதுபவருக்குத் தெரியாது. சாருக்குக் கோபம் வந்தது.

“எந்தப் புண்ணியவான் பண்ண வேலை இது? வேலை நேரத்துல, கூட்டம் இருக்கறப்ப, நகைக்கடை சர்வர அணைக்கலாமா? யாருக்காவது கொஞ்சமாச்சும் யோசனை இருக்கா?”

ஏற்பாட்டைச் செய்தது யார் என்று கன்சோலிலேயே பார்க்கலாம். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு திரையை அவர் பக்கம் திருப்பினேன்.

ரேஷன் கார்டில் இருந்த அந்தப் பெயர் அங்கேயும் இருந்தது.

சார் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். திரும்பி வந்தார். மறுபடி பார்த்தார். பெயர் மாறவில்லை. “அன்னிக்கு எனக்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும்” என்றார். சுகந்தி மேடம் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தார், எங்களுக்குக் கேட்டது. சார் அரைநாள் முழுக்க யோசித்தார். மனைவிக்கு ஃபோன் போட்டு, “நான் செவ்வாய்க்கிழமைல எதும் வித்தியாசமா நடந்துக்குவனா?” என்று கேட்டார். அவர் என்ன பதில் சொன்னாரோ, சார் ஃபோனை வைத்துவிட்டு, “தூக்கிடு தம்பி” என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அப்போதுதான்.

வெள்ளிக்கிழமை வந்தபோது ஒன்றே ஒன்று பாக்கி இருந்தது. நெல் அவிக்கும் வார்டைத் தேடிய அதே ஆஸ்பத்திரி. அங்கே ரத்தம் வைக்கும் குளிர்பெட்டியைக் கவனிப்பதற்கு ஒரு சர்வர் உண்டு. கரண்ட் போய், ஜெனரேட்டரும் ஓடாவிட்டால், பேட்டரியில் உயிரோடு இருக்கும் அந்த சர்வர் உடனே செய்தி அனுப்பும். செய்தி போவது மூன்று நம்பருக்கு. ஒன்று எங்கள் அலுவலகம், ஒன்று ஆஸ்பத்திரி இன்ஜினியர். மூன்றாவது நம்பருக்குப் பெயரே இல்லை; அதைப் போட்டவர் என்ற இடத்தில் ‘ஆஸ்பத்திரி’ என்று மட்டும் இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டால், “எங்க ஆளு இல்லீங்க” என்றார்கள்.

சார் அந்த நம்பருக்கு ஃபோன் போட்டார். பஸ் ஹாரன் சத்தம். ஒரு பெண் குரல்: “பார்சலா, குடிக்கிறீங்களா?” சார் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார். “பஸ் வந்துருச்சு, அப்புறம் பேசுங்க” என்று அந்தப் பெண் வைத்துவிட்டார். மறுபடி போட்டார். மறுபடியும் பஸ் வந்தது.

சுகந்தி மேடம் சொன்னார்: “டீக்கடை சார் அது. ஏதோ ராங் நம்பர். ஆஸ்பத்திரி விஷயம் வெளியாளுக்குப் போறதே தப்பு. எடுத்துடுங்க.”

அவர் சொன்னதில் தவறில்லை. நானாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணி வரைக்கும் டைம் இருக்குல்ல மேடம்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார். ஐப்பசி மழை. வெளியே பெரிய கோயில் கோபுரமே மங்கலாகத்தான் தெரிந்தது.

நாலு மணிக்கு மேடம் பழைய கன்சோலின் முன்னால் வந்து உட்கார்ந்தார். டிஸ்க்கின் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அப்போது சாரின் ஃபோன் வந்தது. நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“தம்பி, கடையக் கண்டுபிடிச்சுட்டேன். ஆஸ்பத்திரிக்கு நேர் எதிர்ல. இவங்க பேரு செல்வி. கேட்டுட்டு இருக்கேன், மேடத்த ஒரு நிமிஷம்…”

அதோடு, திரையில் அந்த ஆஸ்பத்திரியின் வரி சிவப்பானது. கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் ஓடவில்லை. அதே நொடியில் ஃபோன் வழியாக ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

“சார், அடுப்பப் பாத்துக்குங்க” என்றது பெண் குரல்.

“எனக்கு டீ போடத் தெரியாதும்மா. எங்க போறீங்க?”

“பால் பொங்குனா தணிச்சு வைங்க. வந்துடுறேன்!”

தண்ணீரில் செருப்பு ஓடும் சத்தம். பிறகு மழைச் சத்தம் மட்டும்.

மேடம் ஆஸ்பத்திரி இன்ஜினியருக்கு ஃபோன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, பட்டுக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார் என்று பிறகு தெரிந்தது. நான் வரவேற்பறைக்குப் போட்டேன். பிஸி. மறுபடியும் பிஸி. ஒரு பிரசவத்துக்காக அன்று காலைதான் ரத்தம் வரவழைத்து அந்தப் பெட்டியில் வைத்திருந்தார்கள். அந்தப் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

எங்கள் அறையில் பேசிக்கொண்டிருந்தது ஸ்பீக்கர் ஃபோன் மட்டும்தான். சார் அதை அணைக்க மறந்திருந்தார்.

“அண்ணே, ரெண்டு டீ. ஒண்ணு சக்கர கம்மி.” யாரோ வாடிக்கையாளர்.

“கம்மின்னா எவ்வளவு கம்மி?” இது எங்கள் சார்.

“கம்மின்னா கம்மிண்ணே.”

“வழக்கமா எவ்வளவு போடுவாங்க?”

“அது அந்த அக்காவுக்குத்தான் தெரியும்.”

“அப்ப அவங்க வரட்டும். தெரியாம நான் போட மாட்டேன்.”

“டீதானண்ணே, எதையாவது போட்டுக் குடுங்க. பஸ் எடுக்கணும்.”

“நீங்க டிரைவரா? சரி, உக்காருங்க. நீங்க இல்லாம பஸ் போவாது.”

சுகந்தி மேடம் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கண் மட்டும் சிவப்பு வரியிலேயே இருந்தது. நானும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது பச்சையாக மாறியபோது எந்தச் சத்தமும் இல்லை. மேடம் நாற்காலியில் சாய்ந்து மூச்சு விட்டது மட்டும் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் ஃபோனில் செருப்புச் சத்தம் திரும்பி வந்தது.

“ஓடிருச்சு சார். பெரியவரு சாப்புட்டுட்டு இருந்தாரு. கரண்ட் போனதே தெரியல.”

“எந்தப் பெரியவரும்மா?”

“ஜெனரேட்டர் போடுறவரு. அந்த எஞ்சின் பக்கத்துலயே கெடந்து கெடந்து காது போயிருச்சு. செல்லு அடிச்சாலும் கேக்காது. கொட்டாயிலயும் லைட்டு இல்ல, ஒண்ணும் இல்ல. ஆளு போயி தோளத் தட்டுனாத்தான். வார்டெல்லாம் இன்வர்ட்டர்ல எரியும், உள்ள இருக்கறவங்களுக்கும் தெரியாது.”

“உங்க நம்பர யாரு இதுல போட்டது?”

“முன்னாடி ஆஸ்பத்திரியில ஒரு இன்ஜினியர் தம்பி இருந்துச்சு. கடைக்கு டீ குடிக்க வரும். ‘அக்கா, நீங்கதான் எதுத்தாப்ல இருக்கீங்க, மெசேஜ் வந்தா ஒரு எட்டு போயி சொல்லிருங்க’ன்னுச்சு. அது சிங்கப்பூர் போயிருச்சு. மெசேஜ் வந்துட்டுத்தான் இருக்கு. வந்தா போவேன்.”

“மெசேஜுல என்ன இருக்குன்னு தெரியுமா?”

“இங்கிலீசுல என்னமோ இருக்கும். படிக்கல்லாம் வராது சார். அதுக்கு மட்டும் வேற சத்தம் வர்ற மாதிரி எம்பொண்ணு வச்சுக் குடுத்திருக்கா. ஏன் சார், பால இப்படிச் சுண்ட விட்டுருக்கீங்க?”

சுகந்தி மேடம் புதிய கன்சோலைத் திறந்தார். என்னைச் செய்யச் சொல்லவில்லை. பெயரில்லாமல் இருந்த அந்த மூன்றாவது இடத்தில் ‘செல்வி, டீக்கடை’ என்று அவரே அடித்தார். பிறகு ஸ்பீக்கரை நோக்கிச் சத்தமாகச் சொன்னார்:

“சார், இறக்கியாச்சு. ஆனா வரும்போது ஆஸ்பத்திரியில பெரிய டாக்டரப் பாத்து ஒப்புதல் வாங்கிட்டு வாங்க. அந்தக் கொட்டாய்க்கு ஒரு மணியும் ஒரு லைட்டும் போடச் சொல்லுங்க. டீக்கடை லீவு விட்டா என்ன பண்றது?”

“இது எனக்குத் தோணலியே மேடம்” என்றார் சார். அதில் வருத்தம் இல்லை. உண்மையான ஆச்சரியம்தான் இருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, “பாலுக்குக் காசு குடுத்தா இந்தம்மா வாங்க மாட்டேங்குறாங்க. திட்டு மட்டும்தான் விழுது” என்றார்.

அவர் தொப்பலாக நனைந்து வந்து சேர்ந்தபிறகுதான் பழைய கன்சோலை நிறுத்தினோம். பொத்தானை அமுக்குவதற்கு முன் சார் அதனிடம், “ரொம்ப ஒத்துழைச்சீங்க” என்றார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. டிஸ்க் சத்தம் நின்றதும் அறை வேறு யாருடைய அறையோபோல இருந்தது.

இதெல்லாம் நடந்து முடிந்து, சாரின் பெண்ணுக்குக் கோயம்புத்தூரில் கல்லூரி கிடைத்து, குடும்பமே அங்கே போய்விட்டது. அங்கே சார் ஒரு பெரிய கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர்களுடைய கன்சோலைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் தஞ்சாவூரில் மழை என்று எங்காவது கேள்விப்பட்டால் உடனே என்னைக் கூப்பிடுவார்.

“தம்பி, மழையா அங்க?”

“ஆமா சார்.”

“ஒரத்தநாட்டுப் பக்கம்?”

“அங்கயும்தான் சார். எல்லாம் பச்சையாத்தான் இருக்கு.”

அதற்கப்புறம் ஊர்க்கதை, வீட்டுக்கதை, மேடம் எப்படியிருக்கிறார், துணிக்கடைக்காரர் மாடிப்படி விளக்கை மாற்றினாரா என்று நெடுநேரம் போகும். வெயில் கொளுத்தும் நாளில், யாரோ சொன்னார்கள் என்று அவர் தவறாகக் கூப்பிட்டுவிடுவதும் உண்டு. அப்போதும் நான் ஜன்னல் பக்கம் திரும்பாமலே சொல்லிவிடுகிறேன்: “லேசாத் தூறிட்டிருக்கு சார்.”